மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள்

என் மகன் எழுதிய நாவலுக்கு வந்த முதல் பதில், மணமக்களை வாழ்த்தி வந்த ஒரு தபால் கார்டு. சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகையின் காரியாலயத்திலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். தங்கள் இல்லத் திருமண அழைப்புக் கிடைத்தது, நேரில் வர இயலவில்லை, தம்பதிகள் பல்லாண்டு வாழ்க என்று இருந்தது. நான் அதை இரண்டு மூன்று தடவை படித்துவிட்டு என் மனைவியிடம் கொண்டுபோனேன். அவள் மஞ்சள் வேகிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன்.

"கல்யாணம்னா எழுதியிருக்குது?"

"ஆமா."

"ஆருக்குங்க?"

"நம்ம பொஸ்தகத்துக்கு."

கொப்பரைக்கு அடியில் ஒரு விறகைத் தள்ளினாள். "எதுக்குச் சொன்னா என்னங்க, வாழ்த்துத்தானே. கார்டைப் பத்திரமா வையுங்க" என்றாள்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எங்கள் இருவருக்கும் வரவில்லை. மகன் வீட்டை விட்டுப் போய் அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு பத்திரிகைதான் எங்களுக்கு இருந்த வழி.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிணற்றுப் பாசனம். நான் சேலத்தில் ஐந்தாவது பாரம் வரை படித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பியவன். ஊருக்கு மனு எழுதித் தருகிறவன் என்பதால் படித்தவன் என்ற பெயர் உண்டு. மகன் என்னைவிட அதிகம் படித்தான். காலேஜில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, எங்கள் காட்டில் இருந்த சாளைக் குடிசையில் உட்கார்ந்து ஒரு வருஷம் எழுதினான். ஆறு நோட்டுப் புத்தகங்கள். அவற்றை ஒரு கயிற்றால் கட்டி என் கையில் கொடுத்தான்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கய்யா."

நான் அலமாரியில் வைத்தேன். அந்தச் சமயம் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் படிக்க ஒரு நாள் கிடைக்காத அளவுக்கு இல்லை. எனக்குப் பயம். அவன் என்ன எழுதியிருப்பானோ, நம்மைப் பற்றி இருக்குமோ, நன்றாக இல்லாவிட்டால் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பயம். மூன்று மாதம் போய்விட்டது.

ஒரு நாள் களத்தில் வைத்துக் கேட்டான்.

"படிச்சீங்களாங்கய்யா?"

"படிச்சேன். நல்லாத்தான் இருக்குது."

"கெணறு வெட்டற எடம் எப்பிடி வந்திருக்குதுங்க?"

"அதுவும் நல்லாத்தான் இருக்குது."

"கடைசியில கெணத்துல தண்ணி வந்துதுங்களா?"

"வந்துது" என்றேன்.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். கயிற்றில் அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவனும் அதற்கு முன்பே பார்த்திருப்பான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நான்காம் நாள் அவன் இல்லை. இரண்டு வாரம் கழித்து நாகப்பட்டினம் முத்திரையோடு ஒரு கார்டு வந்தது. பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறேன், தேட வேண்டாம், அம்மாவிடம் சொல்லவும் என்று மூன்று வரி.

அன்றைக்குத்தான் அந்த முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு பகல் சாளையில் உட்கார்ந்து ஆறு நோட்டையும் படித்தேன். அதில் ஒரு தகப்பன் கிணறு வெட்டுகிறான். பாறைக்குக் கீழே பாறையாக வருகிறது. கேட்கிறவர்களிடமெல்லாம் "இன்னும் ரெண்டாள் மட்டம்", இரண்டு ஆள் உயரம் வெட்டினால் தண்ணீர் என்று சொல்கிறான். தண்ணீர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும், வெட்டுகிற ஆட்களுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் தெரியும். அவன் மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசி வரைக்கும் அந்தக் கிணற்றில் தண்ணீர் வரவில்லை. அது எங்கள் கிணறு. "இன்னும் ரெண்டாள் மட்டம்" என் வாய்ச்சொல். ஆனால் அந்த மனுஷனை அவன் ஓரிடத்தில்கூடக் கேலி செய்யவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய மகன் பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தான். லீவில் வந்தபோது என்னைத் தேடிக்கொண்டு வந்தான். அங்கே வாசகசாலையில் என் மகனைப் பல தடவை பார்த்திருக்கிறான்.

"இப்ப அங்கயில்லீங்க. உள்ளார ஏதோ ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குப் போயிட்டாருங்க. எந்தத் தோட்டம்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாருங்க."

"ஆளு எப்பிடி இருக்கறான்?"

"நல்லா இருக்கறாருங்க. மாசாமாசம் அந்தப் பத்திரிகை வந்தா மொத ஆளா எடுத்துக்குவாருங்க. பொஸ்தக மதிப்புரையெல்லாம் ஒரு வரி உடாமப் படிப்பாருங்க. அந்தப் பத்திரிகை போகாத தோட்டம் அங்க இல்லீங்க. எங்க இருந்தாலும் படிச்சுருவாருங்க."

அவன் சொன்னதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. நாவலை நாமே அச்சுப் போட்டு, அந்தப் பத்திரிகையில் ஒரு மதிப்புரை வரவைத்துவிட்டால், மகன் எங்கிருந்தாலும் கண்ணில் படும். நான் படித்துவிட்டேன் என்பது தெரியும். காணவில்லை என்று விளம்பரம் போடலாமே என்று எங்கள் மைத்துனர் சொன்னார். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "அவனென்ன கன்னுக்குட்டியா, காணாமப் போறதுக்கு? கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கறான். கோவத்துக்கு என்ன செய்யோணுமோ அதச் செய்யுங்க" என்றாள்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த அச்சுக்கூடம் ஒன்றே ஒன்று. எங்கள் சொந்தக்காரர்களுடைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அங்கேதான் அடித்தோம். முதலாளி அதுவரை நாவல் எதுவும் அச்சடித்ததில்லை. ஆனால் ஆசையாக ஒப்புக்கொண்டார். முதல் பக்கத்தை அடித்துக் காட்டும்போது சுற்றிலும் கொடிப் பார்டர், இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே கும்பம் எல்லாம் வைத்திருந்தார்.

"இது கதைப் பொஸ்தகமுங்க. இதெல்லாம் வேணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னா எடுத்துர்றேனுங்க. ஆனா மொட்டையா இருந்தாக் கருமாதிப் பத்திரிகையாட்ட இருக்கும், பாத்துக்குங்க."

கடல் தாண்டிப் போன பிள்ளையின் பெயர் போட்ட தாளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னால் எந்தத் தகப்பனுக்கு மனசு கேட்கும்? "இருக்கட்டும், வாழைமரம் இருக்கட்டும்" என்றேன். இன்னும் இரண்டு வாழைமரம் வைக்கச் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பார்.

புத்தகக் கட்டுகள் வண்டியில் வந்து இறங்கிய அன்று நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் மனைவி கட்டுகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு பிரதியின் நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி வெயிலில் காயவைத்திருந்தாள். எங்கள் மஞ்சள் நல்ல நிறம். ஒரு பிரதிகூடத் தப்பவில்லை.

"நல்ல காரியமா வெளிய போவுது. சும்மா அனுப்பலாமுங்களா?" என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

பத்திரிகைகளுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதி தபாலில் அனுப்பினேன். வேறு ஒரு பத்திரிகை, 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ், ஒரு பஞ்சாங்கத்துக்கும் ஒரு வைத்தியப் புத்தகத்துக்கும் நடுவில் நாவலின் பெயரை மட்டும் போட்டது. மகன் அதைப் படிப்பதில்லை. மற்றவை ஒன்றுமே சொல்லவில்லை. அவன் படிக்கிற பத்திரிகையிலிருந்துதான் தம்பதிகளை வாழ்த்திக் கார்டு வந்தது.

என் மனைவி குற்றத்தைத் தபால் மேல் போட்டாள். "நம்ம சொந்தத்துல தபால்ல வந்த பத்திரிகைக்கு எவன் கல்யாணத்துக்கு வாரான்? நேர்ல போயி வெத்தல பாக்கு வெச்சுக் குடுங்க. அப்பப் பாருங்க." எனக்கும் வேறு வழி தெரியவில்லை. வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பிரதி எல்லாவற்றையும் பையில் வைத்துக் கொடுத்தாள். பிறகு இன்னொரு பிரதியைப் புதுத் துண்டில் சுற்றி அடியில் வைத்தாள். "இது அவனுக்கு. பினாங்குக் கப்பல் ஏறறவங்க ஆராச்சும் கண்ணுல பட்டாக் குடுத்து உடுங்க."

சேலத்தில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். பத்திரிகைக் காரியாலயம் ஒரு மாடியில் இருந்தது. ஆசிரியர் இல்லை. கண்ணாடி போட்ட உதவியாசிரியர் ஒருவர் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தார். நான் என் தோளில் கிடந்த துண்டை விரித்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன் மேல் புத்தகத்தை வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் எழுந்து வாங்கிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம். கல்யாணம் என்னிக்கு?"

"கல்யாணமில்லீங்க. நாவலுங்க."

அவர் புரட்டிப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. மேஜையில் துடைக்கப் போனவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எழுதினது நீங்களா?"

"எம் மகனுங்க."

"அவர் வரலையா?"

"அக்கரையில இருக்கறானுங்க."

"பாருங்க ஐயா, மதிப்புரைக்கு ரெண்டு பிரதி அனுப்பணும். ஒண்ணு எழுதறவருக்கு, ஒண்ணு ஆபீசுக்கு. மாசாமாசம் பத்திரிகையிலேயே போடறோமே. ஒரு பிரதி வந்தா நாங்க எடுத்துக்கறதே இல்லை."

மகன் போன பிறகு அந்தப் பத்திரிகையை மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பொடி எழுத்து என் கண்ணில் படவில்லை. பையின் அடியிலிருந்து துண்டைப் பிரித்து இன்னொரு பிரதியை எடுத்தேன். கொடுக்கக் கை வரவில்லை. இருந்தாலும் கொடுத்துவிட்டேன்.

அவர் அவற்றை வைக்கத் திரும்பியபோதுதான் சுவர் ஓரத்தைப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குப் புத்தகங்கள். பாதிக்கு மேல் கட்டுப் பிரிக்காதவை. தபால் கயிறும் அரக்கும் அப்படியே இருந்தன. எங்கெங்கேயோ இருந்து, யார் யாரோ ஒரு வார்த்தைக்காக அனுப்பியவை. முடிச்சு அவிழாத அந்தக் கட்டுகளைப் பார்த்ததும் எனக்கு என் அலமாரி ஞாபகம் வந்தது. அந்த மனுஷரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

"உங்களுக்கு முன்னாடி வந்தது இத்தனை கிடக்கு. அவசரம்னா விளம்பரம் போடுங்களேன். அடுத்த இதழிலேயே வந்துடும்" என்றார்.

"வெளம்பரம் நாஞ் சொல்றதுங்க. இது வேற ஒருத்தர் படிச்சுட்டுச் சொல்லோணுமுங்க."

"படிச்சுட்டு நல்லா இல்லேன்னு பட்டா?"

"அப்பிடியே போடுங்க. திட்டிக்கூடப் போடுங்க. படிச்சுட்டுத் திட்டுங்க, அது போதுமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்கே வர்றவங்க மதிப்புரையைத் தாங்களே எழுதி எடுத்துண்டு வருவாங்க. திட்டச் சொல்லி வந்தவர் நீங்க ஒருத்தர்தான்." பிறகு ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, மேஜை டிராயரிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவி வாயில் போட்டுக்கொண்டார். "வெத்திலை போட்டாச்சு. இனிமே நான் தப்பிக்க முடியாது. போயிட்டு வாங்க."

மாதா மாதம் நாமக்கல்லில் பத்திரிகை விற்கிற கடைக்குப் போவேன். நான்கு இதழ்களில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரிக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்தாவது இதழைக் கடை வாசலிலேயே நின்று பிரித்தேன். மதிப்புரைப் பகுதியின் கடைசியில் இருந்தது.

கல்யாணப் பத்திரிகையா நாவலா என்று திகைக்கும்படி வாழைமரமும் கும்பமுமாக வந்திருக்கிறது என்று ஆரம்பித்திருந்தார்கள். போதாததற்கு நான்கு மூலையிலும் மஞ்சள், படித்து முடித்த கை இரண்டு நாள் மஞ்சளாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். அச்சுப் பிழைகள் பக்கத்துக்குப் பக்கம். கதை இழுக்கிறது, பாதியை வெட்டியிருக்கலாம். இப்படியே போய்க் கடைசியில் இரண்டு வாக்கியம்: 'ஆனால் கிணறு வெட்டும் அத்தியாயத்தை எழுதியவர் கிணற்றுக்குள் இறங்கி நின்றவர். தண்ணீர் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லாத அந்தத் தகப்பனுக்காக இதைப் படிக்கலாம்.'

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மஞ்சள் வந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன்.

"நடுவால கண்ணு ஒரு எடத்தத் தாண்டிப் போச்சுங்களே. அங்க என்ன இருக்குது?"

எழுத்து தெரியாதவளுக்கு என் முகம் நன்றாகப் படிக்க வரும். அதையும் படித்தேன். அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவை எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

"நாந்தான் கெடுத்துட்டனுங்களா?"

"ஒண்ணும் கெடல" என்றேன். ஆனால் மகன் என்ன நினைப்பான்? முன்னே பொய்யாக 'நல்லாத்தான் இருக்குது' என்று சொன்னதற்கே கடல் தாண்டிப் போனவன். இப்போது ஏதோ ஒரு தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து, தன் புத்தகத்தை ஊர் சிரிப்பதைப் படிப்பான். கேலி செய்யத்தான் அப்பன் இப்படி வாழைமரம் போட்டு அச்சடித்தான் என்று நினைத்தால்? திட்டிக்கூடப் போடுங்க என்று கேட்டு வாங்கி வந்தவன் நான். எந்தத் தகப்பன் அப்படிக் கேட்பான்? அதற்குப் பிறகு தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

மூன்று மாதம் போல ஆயிற்று. கடிதம் வந்தது. என் பெயருக்கு இல்லை, அம்மாவின் பெயருக்கு. நான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நலம் என்று எழுதிவிட்டு, 'மஞ்சள் என்று படித்ததும் அது உங்கள் கை என்று தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு மஞ்சள்தான் இரண்டு நாள் போகாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐயா படித்தாரா?' என்று கேட்டிருந்தான். கீழே தோட்டத்தின் விலாசம் இருந்தது.

"எழுதுங்க. இப்பவே எழுதுங்க" என்றாள் அவள்.

மனு எழுதிப் பழகிய கை. ஒரு தாள் நிறைய எழுதினேன், கிழித்தேன். இன்னொன்றும் அப்படியே ஆயிற்று. கடைசியில் ஒரே வரி எழுதிப் போட்டேன்: 'படித்தேன். கிணற்றில் தண்ணீர் வரவில்லை.'

அவன் அடுத்த தைக்குள் வந்துவிட்டான். கறுத்து, மெலிந்து, ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். அம்மா அவன் கன்னத்தைத் தடவி, "வந்துட்டியா சாமி" என்றாள். கன்னத்தில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அவன் துடைக்கவில்லை.

மறுநாள் சாளையில் உட்கார்ந்து அச்சான புத்தகத்தை ஒரு பென்சிலோடு படிக்க ஆரம்பித்தான். நான் கன்றைப் பிடித்துக் கட்டுகிறவனைப் போல அந்தப் பக்கமாக இரண்டு மூன்று தடவை போய்வந்தேன். அவன் தலை நிமிரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பத்திரிகைக் காரியாலயத்தில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்ததில்லை. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"எப்பிடி வந்திருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்கய்யா" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பினான். உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

அதற்கு அடுத்த கார்த்திகை முடிகிற சமயத்தில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான். பிறகு அக்கரையிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. தோட்டங்களிலிருந்து ஆட்களை ரயில் பாதை போடக் காட்டுக்குள் பிடித்துப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். எது நிஜம், எது பொய் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மதிப்புரை ஆறாவது இதழிலும் வராமல், ஏழிலும் வராமல், அந்தச் சுவர் ஓரக் குவியலிலேயே கிடந்திருந்தால், அவனும் இன்று அக்கரையில்தான் இருந்திருப்பான். யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

வாசகசாலையில் என் மகனைப் பார்த்தேன் என்று வந்து சொன்னானே, பக்கத்து ஊர்ப் பையன், அவன் லீவு முடிந்து பினாங்குக்கே திரும்பிப் போனவன். அவனைப் பற்றித் தகவல் இல்லை. அவன் தாயார் வாரத்துக்கு ஒரு தடவை வெயில் தாழ நடந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார். கையில் முந்தின வாரத்துத் தினசரிகள் இருக்கும், கடைக்காரரிடம் கேட்டு வாங்கியவை. என் மகன் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறான். யுத்தச் செய்தி முடிந்ததும் தாளை மடிக்கப் போனால் அவர் விடுவதில்லை.

"இன்னும் பின்னால எழுத்து இருக்குதே சாமி" என்கிறார். "அதையும் படிச்சுரு."

அவன் விளம்பரம், விலைவாசி, பொடி எழுத்து எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படிக்கிறான்.